கரைமேல் சைக்கிள்: மே மாதம் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கோடை விடுமுறையில் ஆற்றங்கரையோரம் சைக்கிளில் சுற்றலாம் என்று உங்கள் பயணப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. கோயில், ஓட்டல் என்று எழுதித் தள்ளும் பக்கத்தில் காவிரி டெல்டாவின் கரைகளுக்கும் இடம் கிடைத்ததே என்று மகிழ்ச்சிதான். ஆனால் மே மாதம் ஆறு காய்ந்து கிடக்கும், அதனால் ஆபத்தில்லை, எந்தக் கரையிலும் ஓட்டலாம் என்ற யோசனையை நம்பிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யாராவது கிளம்பினால் முதல் ஐந்து கிலோமீட்டரிலேயே திரும்பிவிடுவார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மேட்டூர் அணைக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது: ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு. அடைப்புக்கும் அடுத்த திறப்புக்கும் நடுவில் இருக்கும் நாலரை மாதத்தில்தான் ஆற்றிலும் வாய்க்காலிலும் வேலை நடக்கும். அதிலும் சித்திரை, வைகாசியில் தூர்வாரும் பொக்லைன் கரையிலேயே நின்று அள்ளி, கரையிலேயே கொட்டும். கொட்டிய சேறு இரண்டு நாளில் மேலே வெள்ளை ஏடு கட்டிக்கொண்டு காய்ந்ததுபோல் தெரியும். உள்ளே களி அப்படியே இருக்கும். முன்சக்கரம் ஏட்டை உடைத்துக்கொண்டு அரை அடி இறங்கும், ஆள் கைப்பிடிக்கு மேலே போவார். அந்தச் சேற்றோடு வந்த காட்டாமணக்குத் தண்டு, பாட்டில் சில்லு, பழைய வலை, கருவை முள் எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். தண்ணீர் திறந்து, ஆள் நடந்து, மாடு நடந்து, ஒரு மழையும் பெய்து படிந்த பிறகுதான் அது மறுபடி கரையாகும். வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

போக வேண்டிய காலம் இரண்டு. ஒன்று, தண்ணீர் திறந்து ஒரு மாதம் கழித்து ஆடி, ஆவணி. இன்னொன்று, தை பாதியிலிருந்து மாசி கடைசிவரை. திறப்புத் தேதி வருஷா வருஷம் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024இல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28வரை தள்ளிப்போயிற்று. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள், பாசனத்தின் கடைசி முனையான கடைமடையைத் தொட அதற்கு மேலும் பத்துப் பதினைந்து நாள் பிடிக்கும். கல்லணைப் பக்கம் நுரையோடு ஓடும்போது முத்துப்பேட்டைப் பக்கம் பொக்லைன் நின்றுகொண்டிருப்பதும் உண்டு.

ஐப்பசி, கார்த்திகையில் கரைப்பக்கமே போக வேண்டாம். இதைச் சொன்னால் மழைக்குப் பயந்தா என்று கேட்பார்கள். மழை நனைத்துவிட்டுப் போய்விடும், களிமண் போகாது. கல்லணையிலிருந்து தஞ்சாவூர் வரைக்கும் காவிரி, வெண்ணாற்றுக் கரைகளில் மணல் கலந்த வண்டல். நனைந்தாலும் ஒரு நாளில் இறுகும். கிழக்கே போகப்போக மண் கறுத்துக் களியாகிறது. நீடாமங்கலம், மன்னார்குடி தாண்டினால் நனைந்த கரையில் சைக்கிள் இருபது மீட்டர் உருளும், பிறகு உருளாது. மண் டயரில் ஒட்டி, அதன்மேல் புல் ஒட்டி, மறுபடி மண் ஒட்டி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும். அப்போது பெடலை மிதித்தால் செயின்தான் அறுபடும். பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகச் சுற்றினால் மண் கொஞ்சம் தளரும். மூங்கில் சிம்பு ஒன்றால் தோண்டி எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் போயே தீருவேன் என்பவர்கள் மட்கார்டு இரண்டையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். முதுகு சேறாகும், அவ்வளவுதான்.

தெற்கே கல்லணைக் கால்வாய் போகும் புது டெல்டா வேறு மாதிரி. வல்லம், ஒரத்தநாடு பக்கமெல்லாம் செம்மண். மழை விட்ட மறுநாளே ஓட்டலாம். எங்கள் பக்கத்தில் புதாறு என்று சொல்லும் இந்தக் கால்வாய் 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து பயனுக்கு வந்தது. கல்லணையில் தொடங்கி 148 கிலோமீட்டர் ஓடிப் புதுக்கோட்டை மாவட்டத்தில் முடிகிறது. மேட்டு நிலத்துக்கும் தண்ணீர் ஏற வேண்டும் என்பதற்காகச் சரிவைத் தொடராமல், சம உயரத்தைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போகும். வரைபடத்தில் பத்து என்று தெரிவது கரையில் பதினைந்தாக இருக்கும். நேரக் கணக்கு தப்புவது இங்கேதான்.

காற்றைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. கல்லணையிலிருந்து கடல்வரை நிலம் சரிவது கண்ணுக்கோ காலுக்கோ தெரியாது. ஏற்ற இறக்கம் எல்லாம் காற்றுதான். ஆனி, ஆடியில் மேல்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து திருச்சி, தஞ்சாவூர் மேல் அடிக்கும். அந்த நாட்களில் மேற்கிலிருந்து கிழக்கே மட்டும் போக வேண்டும். கல்லணையில் காலை ஆறுக்குக் கிளம்பி வெண்ணாற்றங்கரையில் தென்பெரம்பூர் வரை வருகிறவருக்குக் காற்றே பாதி மிதித்துக் கொடுக்கும். அதே தூரத்தைத் திரும்பிப் போகிறவர் இரட்டிப்பு நேரம் எடுப்பார். தை, மாசியில் வாடைக்காற்று. அப்போது வடக்கிலிருந்து தெற்கே இறங்கும் ஆறுகள் நல்லது: பாமணியாறு, கோரையாறு. கடலோரத்தில் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எதிரே கிளம்பிவிடும் என்பதால் கடைசிப் பதினைந்து கிலோமீட்டரைக் காலையிலேயே முடிப்பது புத்திசாலித்தனம்.

அடுத்தது, எந்தக் கரை? ஆற்றுக்கு இரண்டு கரை இருந்தாலும் பாசனத் துறை ஜீப் போவது ஒன்றில்தான். அந்தக் கரையில் கிராவல் போட்டிருக்கும், வாய்க்கால் பிரியும் இடங்களில் தலைமதகு மேல் சிலாப் இருக்கும், கிலோமீட்டர் கல் நட்டிருக்கும். எதிர்க்கரை ஒற்றையடிப் பாதையாகத் தொடங்கி, மூங்கில் கொத்திலோ யாரோ ஒருவர் கொல்லை வேலியிலோ முட்டி நிற்கும். ஊருக்குள் வரும்போது இந்தக் கணக்கு மாறலாம். ஜீப் கரையில் வீடுகள் வந்து, பாதை தெருவாகிவிடும். பாலம் வரும் இடத்தில் நின்று, எந்தக் கரையில் டயர்த் தடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மாற வேண்டும். அடுத்த பாலம் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம், தப்பான கரையில் போய்விட்டால் அவ்வளவு தூரமும் திரும்ப வேண்டும். டீக்கடையில் கேட்கும்போது “இந்தக் கரையில போகலாமா?” என்று கேட்டால் “தாராளமா போலாம்” என்றுதான் பதில் வரும். “டிராக்டர் போகுமா?” என்று கேளுங்கள், சரியான பதில் வரும்.

மணல் வண்டி போகக்கூடாது என்று கரைக்குக் குறுக்கே குழி வெட்டிப்போடுவது கொள்ளிடத்தில் வழக்கம். வேகமாக வருகிறவருக்கு அது கடைசி நிமிஷத்தில்தான் தெரியும். அதுபோலத் தென்னை மரத்தைப் போட்ட பாலத்தில் யாரும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போக வேண்டாம். மரம் உருளாது, பாசிதான் வழுக்கும். இறங்கி, மூட்டையை முதலில் அக்கரை சேர்த்துவிட்டு, பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம்.

முள் கதை பெரிய கதை. கரையில் கருவேல முள், சீமைக்கருவை முள், மணல் பக்கத்தில் நெருஞ்சி என்று மூன்று. கருவேல முள் நீளமாக வெள்ளையாக இருக்கும், குத்தினால் அப்படியே நிற்கும், பிடுங்கிவிடலாம். மோசமானது சீமைக்கருவை. குத்திய பிறகு நுனி டயருக்குள் ஒடிந்து நின்றுவிடும். டியூபை எடுத்து ஒட்டி, மாட்டி, காற்றடித்துக் கிளம்பிய ஐந்தாவது நிமிஷம் மறுபடி இறங்குவதற்குக் காரணம் இதுதான். ஒட்டியவரைத் திட்டிப் பயனில்லை. டியூபைக் கழற்றியதும் டயரின் உட்புறத்தை ஒரு பழைய துணியால் சுற்றிலும் துடையுங்கள். விரலை விடாதீர்கள், கிழியும். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். வெளியிலிருந்து பார்த்தால் கறுப்புப் புள்ளி மாதிரி இருக்கும். நகவெட்டியோ சின்னக் குறடோ வைத்து உள்பக்கமாகத் தள்ளி எடுக்க வேண்டும். பிறகு டியூபில் ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் மினுமினுப்புப் போகும்வரை தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, அதன் ஈரப் பளபளப்பு அடங்கும்வரை நிழலில் ஐந்து நிமிஷம் விட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்திலேயே பேட்சை ஒட்டுவதுதான் பாதிப் பேர் செய்யும் தப்பு. ஒரு ஆளுக்கு மாற்று டியூப் ஒன்று, பேட்ச் எட்டு, சொல்யூஷன் புதுசாக ஒன்று. போன வருஷம் திறந்த சொல்யூஷன் டியூபுக்குள்ளேயே கட்டியாகியிருக்கும்.

வால்வையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண சைக்கிளில் வால்டியூப் வைத்த பழைய வால்வு. அதற்கு எந்த ஊர் சைக்கிள் கடையிலும் பம்பு கிடைக்கும். கியர் சைக்கிளில் பெரும்பாலும் மோட்டார் பைக் வால்வு, பெட்ரோல் பங்க்கில் அடித்துக்கொள்ளலாம். விலை கூடின சைக்கிளில் வரும் மெல்லிய நீள வால்வுக்கு இந்த இரண்டு இடத்துப் பம்பும் பொருந்தாது. அதற்கான பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளாவிட்டால் தள்ளிக்கொண்டே வர வேண்டியதுதான். கரைக்கு இரண்டு அங்குல டயரில் 35, 40 பவுண்டு காற்று போதும். தார் ரோட்டுக்கு அடிப்பதுபோல் கல்லாக அடித்தால் கிராவலில் கையெல்லாம் மரத்துப்போகும், முள்ளும் சுலபமாக ஏறும்.

தை, மாசியில் இன்னொரு தொல்லை உண்டு. அறுவடை முடிந்து நெல்லையும் வைக்கோலையும் ரோட்டில் காயப்போட்டிருப்பார்கள். நெல்மேல் ஏற்றாதீர்கள், அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத வேலை. வைக்கோல்மேல் ஏற்றினால் நஷ்டம் உங்களுக்கு. கியர் சைக்கிளில் பின்னால் இருக்கும் சின்னச் சக்கரங்களில் நூல் சுற்றுவதுபோல் சுற்றி, செயினை இழுத்து, கியர் கொக்கியையே வளைத்துவிடும். இறங்கித் தள்ளுங்கள். கத்தியால் அறுத்து எடுப்பதானால் செயினைப் பின்பக்கம் சுற்றிக்கொண்டே எடுக்க வேண்டும். கதிரறுத்த வயலிலிருந்து எலி கரைக்கு ஏறும், எலிக்குப் பின்னால் கண்ணாடி விரியனும் வரும். செருப்பு வேண்டாம், மூடிய காலணி, இருட்டினால் டார்ச். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் 108ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் வைத்தியம்.

தண்ணீர் ஓடும்போது போகச் சொல்லிவிட்டு எச்சரிக்காமல் இருக்க முடியாது. ஷட்டர் வைத்துத் தண்ணீரைத் தடுத்துத் திறக்கும் ரெகுலேட்டருக்குக் கீழ்ப்பக்கம் குளிக்க இறங்காதீர்கள். ஷட்டருக்கு அடியில் பீறிட்டு வரும் தண்ணீர் தரையை அரித்து அரித்து, தளம் முடியும் இடத்தில் ஆளை விழுங்கும் பள்ளம் போட்டிருக்கும். மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர்போல் இருக்கும். முறை வைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனம் நடக்கும் காலத்தில் இன்றைக்கு வறண்டு கிடக்கும் வாய்க்கால் ராத்திரியில் நிறையும், ஆகவே ஆற்றுமணலில் கூடாரம் போடும் ஆசையை விட்டுவிடுங்கள். கல்லணைக் கால்வாயில் கான்கிரீட் போட்ட பகுதிகள் இன்னும் மோசம். சரிவில் பாசி பிடித்திருக்கும், விழுந்தவர் பிடித்து ஏற ஒரு புல்கூட இல்லை. விழுந்தால் ஏற முட்டி மோதாமல், ஓட்டத்தோடு மிதந்து அடுத்த படித்துறையில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்தப் பகுதியில் கரை விளிம்பை விட்டு இரண்டு மீட்டர் உள்ளே ஓட்டட்டும்.

நடப்பவர்களுக்கு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் என்று கட்டுரையில் போட்டிருந்தது. 1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி தலைமையில் திருச்சியில் கிளம்பிய உப்புச் சத்தியாக்கிரகிகள் வேதாரண்யம் சேர்ந்தது 28ஆம் தேதி. தூரம் ஏறத்தாழ 150 மைல், அதாவது நாளைக்குப் பத்து மைல், பதினாறு கிலோமீட்டர். பழகிய கால்கள், பொறுக்கி எடுத்த தொண்டர்கள், அவர்களுக்கே அந்தக் கணக்கு. சோறு போட்டால் தண்டனை என்று கலெக்டர் மிரட்டியதால், வழியில் மரக்கிளையில் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டார்கள் சனங்கள் என்பது இந்தப் பக்கம் இன்றும் பேசப்படும் சங்கதி. இன்றைக்கு அப்படிக் கட்டுவதற்குக்கூட மரம் தேட வேண்டும்.

மரம் என்றதும் காட்டுக்கு வருகிறோம். டெல்டாவில் காடு ஏது என்று கேட்பவர்கள் ஊர்ப்பெயரைப் படிப்பதில்லை. வேதாரண்யம் தமிழில் திருமறைக்காடு. திருவெண்காடு இருக்கிறது, பூம்புகாரில் சாயாவனம் இருக்கிறது. இவற்றில் சைக்கிளுக்கென்றே அமைந்ததுபோல் இருப்பது பஞ்ச ஆரண்யத் தலங்கள்: திருக்கருகாவூர் முல்லைவனம், அவளிவணல்லூர் பாதிரிவனம், அரித்துவாரமங்கலம் வன்னிவனம், ஆலங்குடி பூளைவனம், திருக்கொள்ளம்பூதூர் வில்வவனம். விடியற்காலை முல்லைவனத்தில் தொடங்கி, காலைசந்திக்குப் பாதிரி, உச்சிக்கு வன்னி, சாயரட்சைக்குப் பூளை, அர்த்தசாமத்துக்கு வில்வம் என்று ஒரே நாளில் முடிப்பது மரபு. காரில் போகிறவர்கள் இடையிடையே நடை திறக்கக் காத்துக் கிடப்பார்கள். சைக்கிளில் போகிறவருக்கு அந்த நேரமெல்லாம் வழியிலேயே சரியாகக் கழியும். நடை சாத்தும் மத்தியானம் அரித்துவாரமங்கலத்துக்கும் ஆலங்குடிக்கும் நடுவில் விழுவதால் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நேரம் கிடைக்கும். வியாழக்கிழமை வேண்டாம், ஆலங்குடியில் குரு பகவானுக்குக் கூட்டம் நெரியும். கடைசித் தலத்துக்கு இருட்டில்தான் போய்ச் சேர்வீர்கள், முன்விளக்கு மட்டும் போதாது, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். கொள்ளம்பூதூரில் ஐப்பசியில் நடக்கும் ஓடத் திருவிழா, ஆற்றில் தண்ணீர் ஓடினால்தான் களைகட்டும்.

அங்கெல்லாம் வனம் எங்கே என்றால், கோயிலுக்குள் தலவிருட்சமாக ஒரு மரம், ஒரு கொடி. மீதி வயலாகி ஆயிரம் வருஷத்துக்கு மேலாகிறது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, சோறு அங்கேதான் விளைந்தது. காட்டைக் காடாகவே பார்க்க வேண்டுமானால் தண்ணீரோடு தெற்கே போக வேண்டும்.

நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது: வெண்ணாறு, பாமணியாறு, கோரையாறு. கோரையாற்றைப் பிடித்துக்கொண்டு போனால் ஐம்பது கிலோமீட்டரை ஒட்டி முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. இரண்டு நாளாகப் பிரித்துப் போனால் நல்லது. கடைமடைக்குப் போகப்போக நிழல் குறையும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களுக்குப் பதில் இன்னும் மரம் வளரவில்லை. ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர் தேவை. உப்புக்காற்று அடிக்கும் இடத்துக்கு முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே கைபம்பில் வருவது வாயில் வைக்க முடியாது.

உப்பு தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க நாக்கு வேண்டாம், கண் போதும். கடைசி ரெகுலேட்டரின்மேல் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். மேல்பக்கம் ஆகாயத்தாமரை பச்சைப் பாய் விரித்ததுபோல் அடைத்துக்கொண்டு நிற்கும். கீழ்ப்பக்கம் ஒரு செடி இருக்காது, வெறும் தண்ணீர். உப்பு அதற்கு ஆகாது. அங்கிருந்து கொஞ்ச தூரத்திலேயே கரையோரச் சேற்றில் பென்சில் நட்டதுபோல் குச்சி குச்சியாக நிற்பவைதான் அலையாத்தியின் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் மேலே அனுப்பி மூச்சு வாங்குகிறது. அவற்றின்மேல் சைக்கிளையோ காலையோ வைக்கக்கூடாது, ஒடிந்தால் மரத்துக்கு மூக்கைப் பொத்தியதுபோல்.

இந்தக் காடும் வாய்க்காலால் பிழைத்த காடு என்பதைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார். வெள்ளைக்காரர் காலத்தில் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழல் போன சேறு வெயிலில் வற்றி, தரை பள்ளமாகி, ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், ஏறிய கடல்நீர் திரும்ப முடியாமல் தேங்கி, ஆவியாகி ஆவியாகி உப்பு ஏறியது. விதை விழுந்தும் முளைக்கவில்லை. அதற்கு வழியாக வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டின: நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள். ஓதம் வரும்போது தண்ணீர் ஏறும், வற்றும்போது உப்போடு இறங்கும். கரையில்தான் கன்று நட்டார்கள். ஜாம்புவானோடையிலிருந்து வனத்துறைப் படகில் போனால் இந்தக் காட்டை உள்ளிருந்து பார்க்கலாம். முன்னதாகவே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். வற்றுநேரத்தில் போனால் படகு சேற்றில் உரசும்.

கோடியக்கரை 1967இலிருந்து சரணாலயம். வேதாரண்யத்திலிருந்து தார் ரோடு, பதினொரு கிலோமீட்டர், சைக்கிளுக்குச் சிரமமே இல்லை. கடலோர உலர் பசுமைக் காடு என்கிற அபூர்வ வகை. பாலை மரமும் சூரைப் புதரும் அடர்ந்து, வேனிலிலும் இலை உதிராமல் நிற்கும். வெளிமான் பார்க்கக் காலை ஏழுக்குள் போக வேண்டும். கைப்பிடியில் தின்பண்டப் பை தொங்கினால் குரங்கு விடாது.

கடைசியாக, பாசனத் துறைக்கும் உங்களுக்கும் ஆளுக்கொரு வேண்டுகோள். தூர்வாரும் எஸ்டிமேட்டில், அள்ளிய மண்ணை ஒரு கரையில் மட்டும் கொட்டி மறுகரையை விட்டுவைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் செலவு ஒன்றும் கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பால்காரரும் வருஷம் முழுக்கப் போக ஒரு கரை மிஞ்சும். கரையை முழு அகலத்துக்கும் தார் போடாமல் ஓரத்தில் ஒன்றரை மீட்டர் கிராவலாக விட்டால் வேர் மூச்சுவிடும், நடப்பவர் காலும் சுடாது. உங்களுக்கு: கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய்க்கு எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று தினமும் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் போடுகிறீர்கள். கொள்ளிடத்தில் அந்த எண் பதினாயிரக் கணக்கில் ஏறினால் படுகைப் பக்கம் யாரும் போகக்கூடாது. வெண்ணாற்றுக்கு எண் வந்து இரண்டு வாரம் ஆனால் கோரையாற்றுக்குக் கிளம்பலாம். சனிக்கிழமை மட்டுமாவது அந்தக் கட்டத்தைப் பயணப் பக்கத்துக்கு மாற்றி, கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஆற்றங்கரை சைக்கிள்காரர்கள் சிலர்,
நீடாமங்கலம்.